மேல் எலிமென்டைத் தேடும் வசதி பற்றிய புகார்

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் மூன்று பேர் சேர்ந்து மென்பொருள் பரிசோதனை செய்து கொடுக்கிறோம். உங்கள் விண்டோஸ் தானியங்கிப் பரிசோதனைக் கருவிக்கு ஒரு வருடச் சந்தா கட்டியிருக்கிறோம். ஒரு எலிமென்டில் (திரையில் உள்ள பட்டன், பெட்டி, வரி போன்ற ஒரு உறுப்பில்) இருந்து, அதை உள்ளடக்கிய எலிமென்டுகள் வழியாக மேலே ஏறி, நாங்கள் சொல்லும் நிபந்தனைக்குப் பொருந்தும் மிகக் கிட்டிய எலிமென்டைப் பிடித்துத் தரும் என்று நீங்கள் சொன்னதால்தான் வாங்கினோம்.

கல்முனை அரிசி ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுத் திரையைச் சோதிக்கிறோம். அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் 'திருத்து' என்று ஒரு பட்டன், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அதனால் பற்றுச்சீட்டு இலக்கத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அந்த வரிக்கு ஏறி, அதற்குள் இருக்கும் பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.

அப்படி ஏற, எலிமென்டைத் தேடும் ஃபைண்ட்ஃபர்ஸ்ட் கட்டளைக்கு ட்ரீஸ்கோப் அன்செஸ்டர்ஸ் (மேலே உள்ளவற்றில் தேடு என்று சொல்லும் மதிப்பு) கொடுக்கச் சொல்கிறது உங்கள் கையேடு. கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அந்த மதிப்புக்கு ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இருக்கிறது. கையேட்டில் போடுமுன் ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

உதவிப் பிரிவுக்கு எழுதினோம். இரண்டு படி மேலே போகச் சொன்னார்கள். சரி என்று செய்தோம். ஆலை மென்பொருளின் அடுத்த பதிப்பில், அதைச் செய்தவர்கள் திரையில் இருந்த ஒரு உள்பெட்டியை எடுத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு படி ஏறினால் வரியைத் தாண்டி முழு அட்டவணையே அகப்படுகிறது. அதற்குள் முதலில் கிடைப்பது முதல் வரியின் பட்டன். ஏழாவது வரியில் 1,250 கிலோவைத் திருத்தப் போன ஸ்கிரிப்ட், முதல் வரியின் எடையை மாற்றிவிட்டு, சோதனை சரி என்று பச்சை காட்டியது. பெரும்போக அறுவடைக்கு முன் கொடுக்க வேண்டிய வேலை. இரண்டு நாள் கையால் சரிபார்த்தோம்.

கடைசியில் நாங்களே எழுதினோம். விண்டோஸில் எலிமென்டுகளுக்கு இடையே நகர உதவும் கண்ட்ரோல்வியூவாக்கரின் கெட்பேரண்ட் (ஒரு படி மேலே உள்ளதைத் தரும் கட்டளை) கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, நிபந்தனையைப் பார்த்து, டேட்டாஐட்டம், அதாவது அட்டவணை வரி, வந்ததும் நிறுத்துகிறோம். பத்து வரிகூட இல்லை. பெட்டி கூடினாலும் குறைந்தாலும் சரியான வரிக்கே போகிறது.

இதையே உங்கள் கருவிக்குள் வையுங்கள். பொருந்துவது எதுவும் இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும், வேறொன்றைத் தூக்கித் தர வேண்டாம். கையேட்டின் அந்தப் பகுதியை உடனே திருத்துங்கள். வேலை செய்யாத மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். பிழைச் செய்தியின் படமும் எங்கள் கோடும் இணைத்திருக்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பரிசோதகர்,
கல்லடி, மட்டக்களப்பு