ஊர்வலத்துக்கு அனுமதி தேவையில்லை, அறிவித்தால் போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் ஆர்ப்பாட்டம் ஒன்று கலைக்கப்பட்டால், மறுநாள் செய்தியில் "பொலிஸாரின் அனுமதி பெறப்படவில்லை" என்ற வரி வந்துவிடுகிறது. பொலிஸ் தரப்பு சொன்னதை அப்படியே அச்சில் ஏற்றுகிறீர்கள். அதை வாசிக்கிறவர், கூடியவர்கள் சட்டத்தை மீறினார்கள், கண்ணீர்ப்புகைக்கு நியாயம் இருந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார். அது தவறான முடிவு. அந்த அனுமதியைப் பெறும்படி நமது சாதாரண சட்டம் எவரையும் கேட்கவில்லை.

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: பொது இடத்தில் ஊர்வலம் போவதானால், அது புறப்படும் இடத்துக்கு மிகக் கிட்டிய பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர்வலத்தைத் தடுக்கவோ நிபந்தனை போடவோ விரும்பினால், பொது ஒழுங்கைக் காக்க அது அவசியம் என்ற நிலையில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் பணிப்புரை வழங்க வேண்டும். வீதியில் நிற்கும் சார்ஜன்ட் சொல்வது அந்தப் பணிப்புரை ஆகாது. உண்மையில் அனுமதிப்பத்திரம் தேவைப்படுவது ஒலிபெருக்கிக்கு. அது 80ஆம் பிரிவில் வருகிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டாளர்களே குழப்பத்துக்கு வழிவிடுகிறார்கள். ஒலிபெருக்கியை மறுத்த கையோடு ஊர்வலத்தையே மறுத்துவிட்டதாகப் பொறுப்பதிகாரி சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது. ஆகவே இரண்டு கடிதங்கள் வேண்டும்.

அறிவித்தல் கடிதத்தில் "அனுமதி தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று எழுதவே கூடாது. "77ஆம் பிரிவின்படி இத்தால் அறிவிக்கிறோம்" என்று தொடங்கி, புறப்படும் இடம், போகும் வீதிகள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆட்களின் தொகை, பொறுப்பாளர் இருவரின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை எழுதினால் போதும். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதியும் நேரமும் குறித்து முத்திரை வாங்க வேண்டும். திகதி மட்டும் உள்ள முத்திரையால் பயனில்லை, 6 மணித்தியாலக் கணக்கை அதைக் கொண்டு நிரூபிக்க முடியாது. முத்திரை வைக்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்தில் கையளித்து, மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். கோட்டை புகையிரத நிலையத்தின் முன்னால் தொடங்கிக் காலிமுகத்திடலுக்குப் போகும் ஊர்வலம் ஒன்றுக்கு மேற்பட்ட பொலிஸ் பிரிவுகளைத் தொடலாம். அறிவித்தலைப் புறப்படும் இடத்து நிலையத்துக்குக் கொடுத்தால் சட்டத்துக்குப் போதும். ஆனாலும் வழியிலுள்ள நிலையங்களுக்கும் பிரதி கொடுப்பது புத்தி. "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.

பழைய சட்டத்திலேயே அனுமதி கட்டாயம் என்றிருந்திருந்தால், 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி வர்த்தமானிக்குத் தேவையே வந்திராது. ஜனாதிபதி செயலகம், உயர் நீதிமன்ற வளாகம், பாராளுமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய பகுதிகளை அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ் அதி உயர் பாதுகாப்பு வலயங்கள் என்று அறிவித்து, அங்கே கூட்டம் கூட எழுத்து அனுமதி வேண்டும் என்றது அந்த வர்த்தமானி. கைதானவருக்கு மேல் நீதிமன்றம் மட்டுமே பிணை வழங்கலாம் என்றும் விதித்தது. சட்டத்தரணிகள் சங்கமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் எதிர்த்தன. ஒக்டோபர் 1ஆம் திகதி அது மீளப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 8ஆம் திகதி இரவு போடப்பட்ட "பொலிஸ் ஊரடங்கு" மறுநாள் காலையே நீக்கப்பட்டது. அப்படியோர் ஊரடங்கைப் போடப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்பதைச் சட்டத்தரணிகள் சங்கம் அன்றிரவே சுட்டிக்காட்டியிருந்தது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்கப்படும்போது அரசாங்கம் பின்வாங்கியே ஆகவேண்டிய இடங்கள் இவை.

இன்று பொலிஸார் அதிகம் பயன்படுத்துவது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு. பொதுத் தொல்லை வரப்போகிறது என்று நீதவானிடம் அறிக்கை வைத்து, மறுதரப்பு இல்லாமலே தடையுத்தரவு வாங்குவார்கள். பெரும்பாலும் முதல்நாள் பின்னேரம் இது நடக்கும், ஏற்பாட்டாளர்களின் கைக்கு உத்தரவு இரவில் வரும். அந்த நேரத்தில் கலங்கிப்போய் எல்லாவற்றையும் கைவிட வேண்டாம், உத்தரவைக் கவனமாக வாசியுங்கள். யாருடைய பெயர், எந்த இடம், எந்த நேரம் என்று மூன்றையும் பாருங்கள். பெயர் குறிக்கப்பட்ட ஆட்களையோ, குறித்த இடத்துக்கு வருபவர்களையோதான் அது கட்டுப்படுத்தும். நாட்டில் எங்கும் ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை. அமைச்சர் வர்த்தமானி மூலம் நீடித்தாலன்றி 14 நாட்களுக்கு மேல் அது நிலைக்காது. பாதிக்கப்பட்டவர் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் வேண்டுகோள்) வைத்து அதை நீக்கும்படியோ திருத்தும்படியோ அதே நீதவானைக் கேட்கலாம். முத்திரை குத்திய அறிவித்தல் பிரதி கையிலிருந்தால் அங்கே வாதம் பாதி முடிந்துவிடும். இந்தப் பிரிவின் பாரத்தை மற்ற எவரையும்விடத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணிக்கு எதிராக ஊருக்கு ஊர் நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கினார்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மாதங்களில் வடக்கு கிழக்கில் பொலிஸாருக்கு இது வழக்கமான வேலை.

மொழி விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பு நீதிமன்றங்களின் பதிவுகள் சிங்களத்தில் இருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரியாதவர், கையில் தரப்பட்டது அழைப்பாணையா, தடையுத்தரவா என்றே அறியாமல் கையெழுத்திடும் நிலை இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புக்கான உரித்தைத் தருகிறது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்துக் காட்டாத, விளங்காத எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

கூட்டத்தைக் கலைக்கும்போதும் ஒழுங்கு உண்டு. பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியோ நீதவானோ முதலில் கலையும்படி கட்டளையிட வேண்டும். அதற்குப் பிறகும் கலையாவிட்டால் தேவையான அளவு பலத்தை மட்டுமே பயன்படுத்தலாம். அடிபட்டவர் அன்றே அரச வைத்தியசாலைக்குப் போய், பொலிஸார் அடித்ததாகவே வைத்தியரிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்க வேண்டும். "விழுந்துவிட்டேன்" என்று பயத்தில் சொன்ன ஒரு வார்த்தை பிறகு வழக்கையே கொன்றுவிடும். சாதாரண சட்டத்தில் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தவர் அதற்காகக் காத்திருக்காமல் 1996 என்ற இலக்கத்துக்குத் தாங்களே அழைக்கலாம்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நல்ல மனுக்கள் பல இந்தத் தவணையில்தான் தோற்கின்றன. மேலதிகாரிக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள், மாதம் போய்விடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் தவணைக் கணக்கில் சேராது. அதற்கு முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கடிதத்தையும் ஆணைக்குழுவிடம் வாங்கி வைத்திருங்கள்.

நீதிமன்றத்துக்குப் போவது வீண் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இரண்டு தீர்ப்புகளைச் சொல்வேன். 1992 ஜூலை 1ஆம் திகதி பிரேமதாச அரசுக்கு எதிராக நண்பகலில் மணியடித்தும் மேளம் கொட்டியும் எதிர்ப்புக் காட்டிய "ஜன கோஷா" போராட்டத்தைப் பொலிஸார் தடுத்தது தொடர்பான வழக்கில், அப்படி ஓசை எழுப்புவதும் கருத்து வெளிப்பாடே என்று 1993இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2022 ஜூலை 17ஆம் திகதி பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலை 23ஆம் திகதி உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவரில் இருவர் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்று ஆண்டுகள் தாமதமானாலும், அடுத்த பிரகடனத்தை எழுதுகிறவர் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது.

கட்சி மாறினாலும் கருவிகள் மாறுவதில்லை என்பதே எனக்குக் கவலை. 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டது பெரிய வெற்றி. ஆனால் விமர்சித்தவர்களைப் பிடிக்க 2007ஆம் ஆண்டின் சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் சர்வதேச சமவாயச் சட்டம் கைகொடுத்தது. உரிமையைக் காக்க வந்த அந்தச் சட்டத்தில், வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 3ஆம் பிரிவின் கீழ் கைதானால் நீதவான் பிணை தர முடியாது. 2022 ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டார். 2023 ஜனவரி 31ஆம் திகதி நீதவான் அவரை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். இடையில் போன ஐந்து மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது? 2024இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. எதிர்க்கட்சியில் இருந்தபோது வீதியில் நின்று இவற்றை எதிர்த்தவர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி அளித்தும் இருக்கிறார்கள். 106ஆம் பிரிவின் கீழ் மறுதரப்பைக் கேட்காமல் ஆர்ப்பாட்டத்துக்குத் தடை கேட்பதை நிறுத்தும்படி பொலிஸாருக்குச் சுற்றறிக்கை அனுப்பப் பாராளுமன்றம்கூடத் தேவையில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை "அனுமதி இல்லை" என்று பொலிஸ் பேச்சாளர் சொன்னால், உங்கள் நிருபர் அவரிடம் கேட்கட்டும்: தடுத்தது எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தர அதிகாரி, எப்போது, எந்த நீதிமன்றத்தின் உத்தரவு, அது எந்தத் திகதியில் முடிகிறது? கிடைத்த பதிலை அச்சிடுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கேட்டோம், பதில் தரவில்லை என்று அதே செய்தியின் முதல் பந்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
சட்டத்தரணி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6