தண்ணீர் எத்தனை நாளில் வடிந்தது?

தலைஞாயிறு பக்கத்திலிருந்து,
கார்த்திகை அடைமழை நாள்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மழை பாதி காரணம், என் சோம்பல் மீதி. உனக்குப் பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வரப்பில் நடந்தால் தெரிவதில்லை, மாடிப்படி ஏறினால் உயிர் போகிறது.

வெண்ணாற்று வேலைக்கு அவ்வளவு பணம் கொட்டினார்களே, பலன் உண்டா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 10 கோடி டாலர் கடன் வாங்கித் தொடங்கிய வேலை அது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் என்று நம் கடைமடை முழுக்க அதில் வரும். கரையை உயர்த்தினார்கள், தூர்வாரினார்கள், ஷட்டர் வைத்துத் தண்ணீரை விட்டும் நிறுத்தியும் வைக்கிற ரெகுலேட்டர்களைப் புதுப்பித்தார்கள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. நானே அந்தக் காலத்தில் எம் புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து பதியும் புத்தகத்தில், அளவு எழுதிப் பிழைத்தவன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஷட்டர் என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். நீ கேட்டது அதை அல்லவே.

போன ஆண்டு ஓர் ஆய்வுக் குழு ஊருக்கு வந்தது. எந்தக் குழு என்பது இப்போது வேண்டாம். கையில் டேப்லெட் வைத்திருந்த பெண் என்னிடம், "திட்டத்தால் பயனடைந்தீர்களா? ஆம், இல்லை" என்றாள். "அந்த வருஷம் மழையே சரியாகப் பெய்யவில்லையேம்மா" என்றேன். அதற்கு அவள் படிவத்தில் கட்டம் இல்லை. பாவம், 'ஆம்' போட்டுக்கொண்டு போனாள்.

பக்கத்து வயல்காரர் கதை இன்னும் வேடிக்கை. அதற்கு முந்தைய மழையில் அவர் பயிர் பத்து நாள் முழுகிக் கிடந்தும் தேறியது. என் பயிர் அழுகியது. வாய்க்கால் ஒன்றுதான், ஷட்டரும் ஒன்றுதான். அவர் போட்டிருந்தது சிஆர் 1009 சப்1, இரண்டு வாரம் வரை முழுகினாலும் தாங்கும் ரகம். நான் பழைய விதையையே போட்டிருந்தேன். இப்போது சொல், அவர் நெல்லைக் காப்பாற்றியது தூர்வாரியதா, விதையா? இரண்டு திட்டக்காரர்களும் அந்த வயலைத் தங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். பயிர்க் காப்பீட்டுக்காரர்களோ எனக்குப் பணம் கொடுத்ததால் என்னையும் பயனாளி ஆக்கிவிட்டார்கள். பயிரைப் பறிகொடுத்துவிட்டுப் பயனாளி!

ஒடிசாவில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் போனார்கள். 2019 மே மாதம் ஃபானி பூரிக் கரையைக் கடந்தபோது, 12 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். இறந்தவர்கள் 64 பேர். இரண்டு புயலும் ஒரே பலம் இல்லை, 1999இல் வந்தது இன்னும் கொடியது. இருந்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் புயலின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. முன்னறிவிப்பும் புகலிடமும் வேலை செய்திருக்கின்றன. உயிரை எண்ணுவது எளிது. வீடும் மரமும் அப்படித் தப்பவில்லை என்பது வேறு கணக்கு.

நமக்கும் 2018 நவம்பரில் கஜா வந்தது. நாம் தண்ணீருக்குக் கரை கட்டிக்கொண்டிருந்தோம், வந்தது காற்று. தென்னை அத்தனையும் சாய்ந்ததே, உன் மாமனார் தோப்பு உட்பட. அதை வைத்து வெண்ணாற்றுக் கரையைத் திட்டினால் நியாயமில்லை.

எனக்குத் தோன்றுகிற அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: வயலில் நின்ற தண்ணீர் எத்தனை நாளில் வடிந்தது? நம் ஊரில் பெரியவர்கள் எந்த வெள்ளத்தைப் பேசினாலும் இதைத்தானே சொல்வார்கள். கடல் பெருகும்போது ஷட்டரை இறக்கி உப்புநீரைத் தடுக்க வேண்டும், வற்றும்போது தூக்கி வெள்ளத்தை விட வேண்டும். கடல்மட்டம் உயர உயர, தூக்கி வைக்கிற நேரம் சுருங்கும். கரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த நேரம் போதாவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஷட்டர் தூக்க லஸ்கர் இருக்கிறாரா என்பதும் அதில் சேர்த்தி. அந்தப் பதவியை நிரப்பினார்களா என்று எந்த ஆய்வுப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை.

அதனால் நானே தொடங்கிவிட்டேன். வடக்கு வயலில் அளவு போட்ட ஒரு மூங்கில் கம்பை நட்டு, தினம் காலையில் பார்த்து நோட்டில் குறிக்கிறேன். பக்கத்தில் மழை அளவையும் எழுதுகிறேன். மருமகள் சிரிக்கிறாள். என் ஒரு வயல் போதாது என்பது எனக்கே தெரியும். வேலை நடக்காத வாய்க்காலிலும் ஒருவர் இதே மாதிரி குறித்தால்தான் ஒப்பிட முடியும். அப்படி ஊரையும் வயலையும் எப்படிப் பொறுக்குவது? நீ முப்பது வருஷம் புள்ளியியல் துறையில் விளைச்சலைக் கணக்கிடும் பயிர் அறுவடைச் சோதனைக்கு வயல் பொறுக்கியவன். அந்தக் குலுக்கல் முறையை எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு.

இன்றைக்கு நான்காம் நாள். கம்பில் இன்னும் பதினோரு அங்குலம் நிற்கிறது.

அன்புடன்,
ராமு