சம்பா வானொலியின் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் சமுதாய வானொலி, அதாவது உள்ளூர் மக்களுக்காக உள்ளூரிலேயே நடத்தும் சின்ன வானொலி நிலையங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2004 பிப்ரவரி 1-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியதில் ஆரம்பித்து, 2006-இல் வந்த புதிய கொள்கை, 2008-இல் தெலங்கானாவின் பஸ்தாபூரில் சங்கம் ரேடியோ என்று உரிமம் கிடைத்த வரிசையிலேயே கதையைச் சொல்லிக்கொண்டு போனதால், உத்தராகண்ட் மலை வானொலிகள் எல்லாம் ஏதோ பின்னால் வந்து சேர்ந்தவை மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் முன்னாலேயே வந்து வாசலில் நின்றவர்கள். நிற்கவைத்தது, நான் தினமும் ஆபீசுக்குப் போகும்போது பஸ்ஸில் கடக்கிற சாஸ்திரி பவன், அதாவது அப்போது அங்கே இருந்த தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.

சம்பா என்று ஒரு சின்ன ஊர். இமாச்சலத்தில் இருக்கிற சம்பா இல்லை, இது உத்தராகண்டில் டெஹ்ரி மாவட்டத்தில், ரிஷிகேஷிலிருந்து அறுபது கிலோமீட்டர் போல மேலே ஏறினால் வருவது. பக்கத்தில் ஹென்வல் ஆற்றுப் பள்ளத்தாக்கு. சிப்கோ இயக்கத்தின் காலத்தில் மரங்களை வெட்ட விடாமல் பெண்கள் போராடிய அத்வானி காடு அங்கேதான் இருக்கிறது, நாட்டு விதைகளைக் காப்பாற்றும் இயக்கமும் அங்கிருந்துதான் கிளம்பியது. இந்த ஊர் இளைஞர்கள் சிலர் 2001 வாக்கிலேயே 'ஹென்வல்வாணி' என்று பெயர் வைத்து வானொலி நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். யுனெஸ்கோ ஆதரவில் பயிற்சி கிடைத்தது. ஆனால் டிரான்ஸ்மிட்டரும் கிடையாது, அலைவரிசையும் கிடையாது. பாட்டு, பேட்டி, விவசாயப் பேச்சு எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து, கிராமம் கிராமமாகத் தூக்கிக்கொண்டு போய், ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். காற்றில் அனுப்ப அனுமதி கைக்கு வர ஏறக்குறைய பத்து வருஷம் ஆனது. இந்தப் பத்து வருஷத்தைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

இத்தனைக்கும் அலைக்கற்றை பொதுமக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அரசு 2002 டிசம்பரில்தான் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது, தொண்டு அமைப்புகளுக்கு 2006 நவம்பரில். சரி, திறந்தாயிற்றே என்றால், விண்ணப்பம் தேர்வுக் குழுவுக்குப் போக வேண்டும், அப்புறம் உள்துறை, பாதுகாப்புத் துறை ஒப்புதல், அப்புறம் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் பவனில் அலைவரிசை, அப்புறம் ஒப்பந்தம், அதற்கும் மேல் ஒயர்லெஸ் லைசென்ஸ். இவ்வளவும் 100 வாட் சக்தியில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கிற ஒரு பெட்டிக்கு. மலையில் அந்தப் பதினைந்தும் கிடையாது. என்னுடன் வேலை பார்க்கும் கட்வாலி நண்பரின் ஊர் அந்தப் பக்கம்தான், ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். அவருடைய அம்மா பட்டன் போனில் எஃப்.எம். கேட்பவர். இயர்போன் ஒயரைச் சொருகினால்தான் ஆண்டெனா வேலை செய்யும் என்பதால் ஒயர் எப்போதும் கழுத்திலேயே தொங்கும். முற்றத்தில் நின்றால் தெளிவாகக் கேட்கிறது, மாட்டுக்குப் புல் போட வீட்டுக்குப் பின்னால் நாலு அடி போனால் மலைச்சரிவு மறைத்து வெறும் இரைச்சல். அதனால் புல்லை முற்றத்துக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து நறுக்குகிறார்!

அதே உத்தராகண்டில் ருத்ரபிரயாக் மாவட்டத்து 'மந்தாகினி கீ ஆவாஸ்' வானொலியின் கதை இதைவிட மோசம். அவர்களும் அதே காலத்தில் கிளம்பியவர்கள், காற்றில் வந்தது 2014-இல். நடுவில் 2013 ஜூனில் கேதார்நாத் வெள்ளம் வந்து அதே மந்தாகினி பள்ளத்தாக்கை வழித்துக்கொண்டு போனது. வானொலி இருந்திருந்தால் அந்த ராத்திரி உயிர்கள் தப்பியிருக்கும் என்றெல்லாம் நான் அளக்க மாட்டேன். ஆனால் ரோடு போய், கரண்ட் போய், செல்போன் கோபுரம் செத்துக் கிடந்த பிறகு வந்த நாட்களில், எந்தப் பாலம் இன்னும் நிற்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் அரிசி கொடுக்கிறார்கள் என்று பேட்டரி ரேடியோவில் அவர்கள் பேசும் கட்வாலி மொழியில் ஒரு குரல் சொல்லியிருக்கலாம் அல்லவா?

'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி' என்று தில்லியிலிருந்து வந்த குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான். அந்தக் குரல்மீது இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அதில் எங்கள் ஊர் வாய்க்கால் உடைந்த சேதி ஒருநாளும் வந்ததில்லை, வரவும் முடியாது. மலைக்காரர்களுக்கும் அப்போது தில்லி, அல்லது கீழே சமவெளியில் இருக்கும் நஜீபாபாத் ஆகாசவாணி நிலையம்தான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சமுதாய வானொலி வந்தது, வந்த பிறகும், ஆகாசவாணி தரும் செய்தியைத் தவிர சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வானிலை சொல்லலாம், விளையாட்டு, பரீட்சை, வேலைவாய்ப்பு சொல்லலாம். இயற்கைச் சீற்றம், தண்ணீர், மின்சாரம் பற்றியும் சொல்லலாம், ஆனால் உள்ளூர் நிர்வாகம் தந்தபடி. அதாவது நிலையத்துக்கு எதிரிலேயே மண் சரிந்து ரோட்டை மூடினாலும், தாசில்தார் ஆபீசிலிருந்து தகவல் வரும்வரை காத்திருப்பதுதான் விதிப்படி சரி. அதே மண்சரிவை செல்போனில் எடுத்து யூடியூபில் போடும் பையனுக்கு எந்த அனுமதியும் வேண்டாம். பத்திரிகைக்கும் டிவிக்கும் இந்தப் பூட்டு இல்லை. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் என்னை எழுத வைத்தது.

காசு விஷயத்திலும் இப்படித்தான். 2012-இல் ஆண்டு அலைக்கற்றைக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து 91,000-க்கு ஏற்றினார்கள், நிலையங்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்ட பிறகுதான் இறக்கினார்கள்.

இன்று நாட்டில் 500-க்கு மேல் சமுதாய வானொலிகள் இருக்கின்றன, நீலகிரியில் கோத்தகிரியிலும் ஒன்று. அங்கேயும் மழைக்காலத்தில் மண் சரியும், அங்கேயும் இதே விதிதான். உங்கள் தில்லி நிருபர் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போய் வருபவர்தானே, இந்தச் செய்தித் தடையை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று அங்கே கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே போடுங்கள். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் யாராவது இதை அவையில் எழுப்பினால் அதையும் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முனிர்கா, புதுதில்லி