அளவு ஜாக்கெட்

சுங்கை சிப்புட்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புத் தோழிக்கு,

நலம்தானே? ஜொகூரில் மழை எப்படி? இங்கே மத்தியானத்திலிருந்து கொட்டுகிறது. தீபாவளித் துணிகள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. இனி இரண்டு மாதத்துக்கு ஞாயிறு கூட எனக்குக் கிடைக்காது. அதனால் கடையை அடைத்துவிட்டு இன்றே எழுத உட்கார்ந்தேன்.

மனசில் கிடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதம் ஈப்போ கல்யாண மண்டபத்தில் ஐந்து வருஷம் கழித்து உன்னைப் பார்த்தேன். வாசலில் நீ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். ஓடிவந்து உன் கையைப் பிடித்து, "என்னடி, இப்படி ஊதிப்போயிட்டே!" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் பந்தியில் நீ பாயசத்தைத் தொடவில்லை. முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டே இருந்தாய். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது பின்வரிசைக்குப் போய்விட்டாய். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றோடு ஒன்று சேர்த்து யோசிக்கத்தான் இல்லை. அதற்கப்புறம் நீ போன் எடுப்பதும் குறைந்துபோனது.

என்னை மன்னித்துவிடு. உன் வீட்டுக்காரர் தவறிய பிறகு நாம் முதல்முதலாகச் சந்தித்த நாள் அது. ராத்திரியில் தூக்கம் வருகிறதா, யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். என் வாயில் வந்தது உன் உடம்பு.

இத்தனை மாதம் கழித்து இது ஏன் உறைத்தது என்று கேட்பாய். என் தங்கை மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். பரிசம் போட வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா அவள் தலையில் பூ வைத்துக்கொண்டே, "பொண்ணு லட்சணமா இருக்கா. கல்யாணத்துக்குள்ள ஒரு பத்துக் கிலோ குறைச்சிட்டா போட்டோவுக்கு இன்னும் நல்லா இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். என் தங்கை தலையை ஆட்டினாள். நானும் பேசாமல் பலகாரத் தட்டை நீட்டினேன்.

மறுவாரம் அவள் கடைக்கு வந்தாள். டேப் வைத்தேன், மார்பளவு முப்பத்தெட்டு. "முப்பத்தஞ்சுக்குத் தைங்க பெரியம்மா, அதுக்குள்ள இளைச்சிருவேன்" என்றாள். இப்படிக் கேட்பது அவள் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதே. முப்பது வருஷமாக நான் அளவெடுக்கிறேன். டேப்பை இடுப்பில் சுற்றியதும் பெண்கள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். "இப்பத்தான் சாப்பிட்டேன்கா", "ரெண்டாவது பிள்ளைக்கப்புறம் இப்படி ஆயிடுச்சுக்கா" என்று நான் கேட்காமலே சொல்கிறார்கள். சட்டை தைக்க வரும் ஆண்கள் யாரும் என்னிடம் வயிற்றுக்குச் சமாதானம் சொன்னதில்லை. நான் செய்வது ஒன்றுதான். கேட்ட அளவுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் பிரித்துவிட வசதியாக உள்ளே துணியை மடித்து வைத்துவிடுவேன். இவளுக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று அங்குலம் உள்ளே விட்டேன்.

ஆறு வாரம் கழித்துப் போட்டுப் பார்க்க வந்தாள். கொக்கி எல்லாம் சுலபமாக மாட்டியது. கடையில் இருந்த இரண்டு பேர், "அடேயப்பா, எப்படி இளைச்சிட்டா!" என்று கை தட்டினார்கள். கழுத்துப் பக்கம் ஊசி குத்தக் குனிந்தேன். என் விரலுக்கடியில் அவள் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடிவந்த பிள்ளையின் நெஞ்சு மாதிரி. அவளோ கால் மணி நேரமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது, கை நடுங்கியது. "தலை சுத்துது பெரியம்மா" என்று முக்காலியில் உட்கார்ந்தாள். பாதி ஊசி குத்திய ஜாக்கெட்டைக் கழற்றி, வேறு துணி மாட்டி, கிளினிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

கைப்பையில் காப்பி பாக்கெட் இருந்தது. போனில் பார்த்து வாங்கிய இளைக்கிற காப்பி. ராத்திரியில் தூக்கமே இல்லையாம், பசியும் இல்லையாம். அந்தப் பசியின்மையைத்தான் அவள் நல்ல பலன் என்று நினைத்திருக்கிறாள். இந்த மாதிரிச் சரக்குகளில் சிபுட்ராமின் என்ற மருந்தைச் சொல்லாமல் கலப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார். ஒரு காலத்தில் அது எடை குறைக்கும் மாத்திரையாகவே விற்றதாம். மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற ஆபத்து கூடுகிறது என்று தெரிந்து 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் மலேசியச் சுகாதார அமைச்சும் பலமுறை எச்சரித்திருக்கிறது. இவள் வாங்கியதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பாக்கெட்டில் பூப்படமும் ஒல்லியான ஒரு பெண்ணும்தான் இருந்தார்கள். நிறுத்திய பிறகு படபடப்பு அடங்கிவிட்டது. கடவுள் புண்ணியம்.

அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். அவரும் டேப்தான் எடுத்தார். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செண்டிமீட்டரைத் தாண்டினால் கவனமாக இருக்கவேண்டுமாம். நம் டேப்பில் முப்பத்தொன்றரை அங்குலம். எடையையும் உயரத்தையும் வைத்துப் போடுகிற கணக்கிலும் வெள்ளைக்காரர்களுக்கு 25 என்றால் நமக்கு 23-லேயே ஜாக்கிரதை தேவையாம். நம்மவர்களுக்கு வயிற்றுக்குள்ளே கொழுப்பு சேர்கிற வாகு அதிகம், அதனால் பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் சர்க்கரை வரும் என்றார். ஒரு தடவை கூட "குண்டு" என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சுசு டின்பால், வேலையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாய் என்று பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இருபத்தேழு வயசுதான். போட்டோவுக்காகப் பத்துக் கிலோ கேட்டார்கள், நாங்களும் தலையாட்டினோம். அவள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே!

எடையை யாரும் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2019-இல் நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கில் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள். சர்க்கரை நோய் இங்குள்ள இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்கு மேல். நம் பழைய தோட்ட லயத்து ஆட்களைப் பார்த்தாலே தெரியும், எத்தனை வீட்டில் கால் விரல் எடுத்தவர்கள். ஆனால் கேலி யாரையும் கிளினிக்குக்கு அனுப்பியதாக நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒருமுறை எடை பார்க்கிற இடத்தில் வரிசை முழுக்கக் கேட்கும்படி ஏச்சு கிடைத்தது. அதற்கப்புறம் மூன்று வருஷம் அவர் எந்தக் கிளினிக் வாசலையும் மிதிக்கவில்லை. கடைசியில் போனது காலில் புண் ஆறாமல் போனபோது.

உன் அம்மாவும் என் அம்மாவும் ரப்பர் பால் எடுக்கப் பால் காட்டுக்குப் போன காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பது, அப்புறம் மரம் மரமாக நடை, தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு பக்கமும் பால் வாளி. ஸ்டோரில் பாலை நிறுத்தார்கள், எங்கள் அம்மாக்களை யாரும் நிறுக்கவில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கையே தின்று பிழைத்த என் பாட்டி, வீட்டுக்கு வருகிறவர்களிடம் "உடம்பு தேறியிருக்கே கண்ணு" என்று சொல்லும்போது முகம் மலர்ந்து சொல்லுவார். அந்த வாயில் அது வாழ்த்து. அப்புறம் பால் மரம் போய் செம்பனை வந்தது, நாம் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம், பிள்ளைகள் பேக்டரியிலும் ஆபீசிலும் உட்கார்ந்தார்கள். நடை போய்விட்டது, அம்மா குடித்த அதே இனிப்புத் தேத்தண்ணி மட்டும் தங்கிவிட்டது. பழியை மட்டும் முழுக்கப் பெண்ணின் வாய் மேல் போடுகிறோம்.

எனக்கு அதிகம் வலிப்பது சின்னப் பிள்ளைகள்தான். பள்ளியில் சேகாக் என்று உடற்பயிற்சிச் சோதனை வைக்கிறார்களே, அதில் எடையும் உயரமும் எடுக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று பினாஃபோர் தைக்க வந்து, "ஆண்ட்டி, லூசா தைங்க, வயிறு தெரியக்கூடாது" என்று காதோடு சொன்னது. வகுப்பில் எண்ணைச் சத்தமாக வாசித்தார்களாம். பதினொரு வயது! பெரியவர்களானாலும் விடுகிறார்களா என்ன? 25 வருஷம் வேலை பார்த்த ஒரு விமானப் பணிப்பெண்ணை, வரம்புக்கு மேல் 0.7 கிலோ இருக்கிறார் என்று 2017-இல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அது சரிதான் என்று 2020-இல் தொழில் நீதிமன்றம் சொன்னதைப் பேப்பரில் படித்தபோது, ஒரு பட்டுப்புடவையின் எடை கூட இல்லையே என்றுதான் தோன்றியது.

போன வாரம் தங்கை வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்கும் என் மாமியார் இதையே சொன்னாங்க, ஒரு மாசம் ராத்திரிச் சோறு இல்லாம கிடந்தேன்" என்றார். அன்றைக்கு அவரே கல்யாணப் பெண்ணுக்குச் சோறு போட்டார். அவள் இப்போது சாயந்தரம் என் தங்கையோடு திடலில் நடக்கிறாள், சுசு பாதி குறைந்திருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும். நேற்று ராத்திரி அவள் ஜாக்கெட்டை மேசையில் விரித்து, உள்ளே விட்ட துணியைப் பிரித்து முப்பத்தெட்டுக்கே தைத்து முடித்தேன். பழைய தையல் விழுந்த இடத்தில் லேசாகக் கோடு தெரிகிறது, இஸ்திரி போட்டால் போய்விடும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். என் அளவு நோட்டில் உன் பக்கம் இன்னும் இருக்கிறது, உன் கல்யாணத்துக்கு எடுத்த அளவு. அதை வைத்து இனி தைக்கமாட்டேன். தீபாவளிக்கு உனக்கு ஒரு ரவிக்கை நான் தைக்கவேண்டும், கூலி பேசாதே. இப்போது போட்டால் உனக்கு மூச்சு முட்டாத ஜாக்கெட் எதுவோ, அதை அளவுக்கு அனுப்பு. கூடவே ஒரு கடிதமும் வை. ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்று அதில் எழுது.

என்றும் உன்,
பக்கத்து லயத்துத் தோழி