ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறந்து விடுங்கள்

எங்கள் சமுதாயக் கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

பகலில் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை, சாயங்காலம் உங்களிடம் வேதியியல் டிப்ளமோ. கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலரை ஊற்றி, உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தும்போது விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரியும். ஈர சிமெண்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது, அதன் பிஎச் (அமில, கார அளவு) 12-க்கு மேல், அதுதான் தோலைத் தின்கிறது என்று வகுப்பில் ஐயா சொன்ன மறுநாளே கையுறை வாங்கினேன். நாலு வருஷமாகக் கையை அரித்ததற்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

பாடம் நன்றாகவே நடக்கிறது. குறை லேப்தான். நாங்கள் வேலை முடிந்து வந்து சேருவதற்குள் அதைப் பூட்டி விடுகிறார்கள். இந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதை வைத்து அளவு காணும் சோதனை), அதையும் ஐயா செய்ய நாங்கள் பதினெட்டு பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். கடைசிச் சொட்டில் வெளிர் பிங்க் வந்ததாம், பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. ரெக்கார்டு நோட்டில் மட்டும் போன வருஷத்து ரீடிங்கைப் பார்த்து எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்தச் சொட்டு விடும் பியூரெட் குழாயைத் திருகிப் பழகாத கையோடு நாளைக்கு ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ சாயப்பட்டறையிலோ போய் வேலை கேட்டால் யார் தருவார்கள்?

இதையெல்லாம் காரைக்குடியில் இருந்துகொண்டு எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போவேன்.

புதுக் கட்டிடம் வேண்டாம். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் லேபைத் திறந்து விடுங்கள், கூட ஒரு ஆசிரியர் இருந்தால் போதும். ஆறு ஆறு பேராக முறை வைத்து வருகிறோம். முடிந்ததும் கழுவித் துடைத்து வைக்கிறோம், உடைந்தால் நாங்களே காசு போட்டு வாங்கித் தருகிறோம் என்று பதினெட்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். ரசாயனச் செலவுக்குத்தான் உங்கள் அனுமதி வேண்டும்.

முதலில் செய்ய ஆசைப்படுவது தண்ணீரின் கடினத்தன்மை, இடிடிஏ என்ற ரசாயனத்தைச் சேர்க்கச் சேர்க்க ஒயின் சிவப்பு நீலமாக மாறும் சோதனை. எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் பருப்பு சட்டென்று வெந்துவிடும், எங்கள் வீட்டு போர் தண்ணீரில் வேகவே வேகாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன், எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு வேதியியல், மாலை வகுப்பு மாணவர்