கட்டையில் ஒரு பெயர், அலகில் ஒரு பெயர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின படத்தில் இருப்பது பலகையில் தவாளிப்பு, அதாவது நீளமான ஒடுங்கிய பள்ளம், எடுக்கிற சீவுளி. பக்கத்தில் இரண்டு தண்டில் கிட்டவும் எட்டவும் நகர்கிற துணைக்கட்டைதான் அதற்கு அடையாளம். அம்மப்பாவின் பெட்டியில் கிடந்ததை யார் செய்தார் என்று நீ தேடுவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

"வார்ட்" என்று எழுதியிருப்பதை வைத்து முடிவெடுக்காதே. அந்தப் பெயர் அலகில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அலகு அடித்தவர்கள் வேறு, அதைப் பிடிக்கிற மரக்கட்டை செய்தவர்கள் வேறு. கீழே உள்ள "காஸ்ட் ஸ்டீல்" பெயரே அல்ல, உருக்கின் வகை. 1740களில் ஹன்ட்ஸ்மன் என்பவர் ஷெஃபீல்டில் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தில், உருக்கி எடுத்த முறை அது. அலகில் உள்ள இலக்கமும் ஆண்டு இல்லை. எட்டு அலகு சேர்ந்தது ஒரு செட். 1/8 அங்குலத்தில் தொடங்கி 1/16 வீதம் ஏறி 9/16 வரை போகும். 4 என்றால் 5/16. அளந்து பார்.

செய்தவரின் முத்திரை கட்டையின் முன்தலையில், மேற்பக்கம் நடுவில் இருக்கும். ஒரே அச்சால் அடித்தது, எழுத்துகள் சீராக நிற்கும். "மோஸ்லி, லண்டன்", "மதீசன், கிளாஸ்கோ" என்பதுபோல் ஊரும் சேர்ந்திருந்தால் நல்லது. சரிவாக, தலைகீழாக, இரண்டு தலையிலும் திரும்பத் திரும்பக் கிடப்பது சொந்தக்காரர் அடித்த பெயர். ஒரு சீவுளியில் மூன்று நான்கு பேர் பெயரும் இருக்கும். பலரும் ஏமாறுவது இதில்தான்.

தண்ணீர் படவிடாதே. முத்திரை அடித்த இடத்தில் நார் அமுங்கியிருக்கிறது. ஈரம் பட்டால் அது ஊதி எழுத்தை மூடிவிடும். மணல்தாள், கம்பித் தூரிகை இரண்டும் வேண்டாம், போன எழுத்து திரும்பி வராது. மண்ணெண்ணெயில் லேசாக நனைத்த துணியால் ஒருமுறை ஒற்றி எடு, அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதே. பிறகு அறையை இருட்டாக்கி, ரோச் லைட்டை மரத்தோடு ஒட்டிப் படுக்க வைத்து நாலு பக்கமும் சுற்று. கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலில் எழும்பும். மெல்லிய கடுதாசி வைத்து மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் இன்னும் தெளிவு.

அலகைக் கழற்ற, அதை இறுக்கிப் பிடிக்கிற ஆப்பின் தலையை நெம்பாதே, உடைந்துவிடும். கட்டையின் பின்தலையை மரச்சுத்தியலால் தட்டு. இங்கே வாவிக்காற்றில் ஊதிப்போன ஆப்பு அது. அசையாவிட்டால் சில நாள் உன் வீட்டுக்குள் ஈரமில்லாத இடத்தில் சும்மா வை, காய்ந்து தானாகச் சுருங்கும்.

மரத்தையும் பார். பீச் மரமென்றால் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கபிலக் கீறுகள் மின்னும். அது இல்லாமல் மஞ்சளாக, மினுமினுப்பாக, கைக்குப் பாரமாக இருந்தால் நம் ஊர் முதிரை மரம். அப்படியானால் அலகு மட்டும்தான் ஷெஃபீல்ட், கட்டை இந்தப் பக்கத்து ஓடாவியார், அதாவது தச்சர், ஒருவர் இழைத்தது. அதில் அச்சு முத்திரை தேடாதே. ஆப்புக் குழியின் உட்சுவரில் உளி போன தடத்தைப் படம் எடு.

முன்தலை, அலகின் இரு பக்கம், ஆப்பு, குழி எல்லாவற்றையும் பக்க வெளிச்சத்தில் எடுத்து அனுப்பு. அலகின் அகலத்தையும் எழுது.

அன்புடன்,
அப்பா