நியூ ஜெர்சியின் அதிபர் பிரைமரி தேர்தலை மார்ச் மாதத்திற்கு மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
வாக்காளர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி.

பெறுநர்:
மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
நியூ ஜெர்சி மாநிலம், ட்ரென்டன்.

பொருள்: 2028 அதிபர் பிரைமரி தேர்தல் தேதியை மாற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். நடப்புச் சட்டப்படி நம் மாநில பிரைமரி, அதாவது பொதுத்தேர்தலில் நிற்கப்போகும் கட்சி வேட்பாளர்களை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல், ஜூன் மாத முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாயன்று நடைபெறுகிறது. 2024 ஜூன் 4 அன்று, பதினெட்டு வயது நிறைந்த என் மகளை அவளது முதல் வாக்கைப் பதிவு செய்ய அழைத்துச் சென்றேன். வாசலில் ஒட்டியிருந்த மாதிரி வாக்குச்சீட்டை நிதானமாகப் படித்துவிட்டு, "மார்ச்சிலேயே முடிவான வேட்பாளருக்கு நான் இப்போது எதற்கம்மா ஓட்டுப் போட வேண்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இரு கட்சிகளின் வேட்பாளர்களும் அந்த ஆண்டு மார்ச் 12 அன்றே உறுதியாகிவிட்டிருந்தனர். 2016-இலும் நிலைமை இதுவே: நாம் ஜூன் 7 அன்று வாக்களிப்பதற்கு முந்தைய மாலையே ஜனநாயகக் கட்சியின் போட்டி முடிந்ததாகச் செய்தி வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, 2008-இல் பிப்ரவரி 5 அன்று தனியாக அதிபர் பிரைமரி நடந்தபோது ஜனநாயகக் கட்சியில் ஹிலாரி கிளிண்டனுக்கும் ஒபாமாவுக்கும் இடையே போட்டி உயிரோடு இருந்தது. நம் வாக்குக்கும் மதிப்பிருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு பிரைமரிகளை நடத்தும் செலவைத் தவிர்க்கவே 2011-இல் சட்டம் இயற்றி அதனை மீண்டும் ஜூனுக்குக் கொண்டுசென்றார்கள் என்பதையும், அந்தக் கவலை நியாயமானது என்பதையும் நான் ஏற்கிறேன். ஆகவே தனித் தேர்தலை நான் கேட்கவில்லை. அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டில் எல்லாப் பதவிகளுக்குமான பிரைமரியையும் ஒரே நாளில், மார்ச் முதல் செவ்வாயன்று நடத்த வேண்டும் என்றே கேட்கிறேன். அதற்கும் முன்பாக வேண்டாம். பிரைமரி தேதி குறித்த கட்சி விதியை மீறி முந்திக்கொண்ட புளோரிடாவும் மிச்சிகனும் 2008-இல் கட்சிகளின் தண்டனைக்கு உள்ளாயின.

உள்ளாட்சி வேட்பாளர்கள் கடுங்குளிரில் வீடு வீடாகச் சென்று வேட்புமனுவுக்கான கையெழுத்துத் திரட்ட நேரிடும் என்பது உண்மையான சிரமம். அவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாவதற்கு, குறைந்தது ஓராண்டுக்கு முன்பாவது சட்டம் நிறைவேற வேண்டும்.

தேதியை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. யூதர்களின் ஷவுவோத் பண்டிகையை முன்னிட்டு 2025 பிரைமரி ஜூன் 3-இலிருந்து 10-க்கு மாற்றப்பட்டது. ஒரு சமூகத்தினர் வாக்களிக்க இயலாமல் போய்விடக் கூடாது என்று அன்று காட்டிய அக்கறையை இப்போது மாநிலம் முழுமைக்கும் காட்டி, 2028 மார்ச் 7 அன்று பிரைமரி நடைபெற ஏதுவாகச் சட்டத்திருத்தம் கொண்டுவருமாறு சட்டமன்றத்தைத் தாங்கள் வலியுறுத்த வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எடிசன் நகர வாக்காளர்